ஏழு வில்லேஜரைக் கொன்றும் ஏன் தோற்றீர்கள்? எதிராளி கவனிக்காமல் விட்டதைப் பயன்படுத்தும் முறை

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவரும் அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சானும் சனிக்கிழமை இரவுகளில் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை விளையாடுகிறார்கள். போன கிழமை மச்சான் வேறெங்கோ கவனமாக இருந்த நேரம், வடக்குப் பக்கக் கதவால் தம்பி ஐந்து ஸ்கவுட்டோடு, அதாவது வேகமான குதிரைவீரரோடு, உள்ளே புகுந்து, உணவும் மரமும் சேர்க்கும் வேலையாட்களான வில்லேஜரில் ஏழு பேரைக் கொன்றிருக்கிறார். அப்படியிருந்தும் அரை மணித்தியாலத்துக்குள் தோற்றுவிட்டார். "பிழை விட்டது அவன், தோற்றது நான். எங்கே பிசகினது?" என்று கேட்டு, அந்த ஆட்டத்தின் பதிவான ரீப்ளேயையும் அனுப்பியிருந்தார். நான் அதை இரண்டு தரம் பார்த்தேன், ஒரு தரம் தம்பியின் பக்கமிருந்து, மற்றத் தரம் மச்சானின் பக்கமிருந்து.

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு. ஏழு பேர் என்றால் 350. ஒரு வில்லேஜரை எடுக்க, தலைமைக் கட்டடமான டவுன் சென்டருக்கு 25 செக்கன் வேண்டும். அப்படியென்றால் மச்சானுடைய டவுன் சென்டரின் 175 செக்கன் உழைப்பை நீங்கள் அழித்திருக்கிறீர்கள். நல்ல அடிதான். இனி உங்கள் பக்கம். ஸ்கவுட் ஒன்றுக்கு 80 உணவு, ஐந்தும் செத்ததில் 400 போய்விட்டது. அதைக்கூட விடலாம். கதவுக்குள் நுழைந்ததிலிருந்து கடைசி ஸ்கவுட் விழும்வரை உங்கள் சொந்த டவுன் சென்டர் எத்தனை செக்கன் சும்மா இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். 190 செக்கன். முதலில் வரிசையில் போட்டிருந்த வில்லேஜர் முடிந்தார். பிறகு வீடு போதாமல் போனது, வீடு இல்லாமல் புது ஆள் எடுக்க முடியாது. நீங்கள் விளையாட்டில் உள்ள இனங்களில் திராவிடரை எடுத்து விளையாடியதால், ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான ஃபியூடல் காலத்துக்குப் போனவுடனேயே 200 மரம் இலவசமாகக் கிடைத்திருந்தது. ஒரு வீட்டுக்கு 25 மரம்தான். எட்டு வீட்டுக்கான மரம் கையில் இருந்தும் ஒரு வீடு கட்டவில்லை, ஏனென்றால் உங்கள் கண் முழுக்க மச்சானின் வளவுக்குள் இருந்தது.

175ஐ எடுத்துவிட்டு 190ஐக் கொடுத்தீர்கள். பிசகினது அங்கேதான்.

எதிராளி கவனம் பிசகும்போது நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம் மட்டும்தான், வெற்றி அல்ல. அந்த நேரத்துக்குள் நம்முடைய கவனமும் அதே இடத்தில் போய் மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் சமம். இன்னும் சொன்னால், அவர் அடி விழுந்தவுடன் விழித்துவிடுவார். அடித்துக்கொண்டிருக்கிற நாம் விழிக்க மாட்டோம். நன்றாகப் போகிறது என்ற நினைப்பே நம்மைத் தூங்க வைத்துவிடும்.

கிளித்தட்டு விளையாடியிருப்பீர்கள். சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கல்லடிக் கடற்கரை மணலில் காலால் கோடு கீறி நாங்கள் விளையாடியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோட்டில் மறித்து நிற்பவனின் கையைப் பார்த்து ஓடுபவன் அகப்படுவான். கண்ணைப் பார்த்து ஓடுபவன் தப்புவான். மறிப்பவன் பக்கத்துப் பெட்டிக்காரனைப் பார்த்த அந்த ஒரு நொடியில் கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டினவர்களில் பாதிப் பேர் எப்படி அகப்படுவார்கள் தெரியுமா? தாண்டின சந்தோஷத்தில் பின்னால் திரும்பி, ஏமாந்தவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுக்கோட்டால் கிளி வந்து முதுகில் தட்டிவிட்டுப் போகும். உங்கள் ரீப்ளேயைப் பார்க்கும்போது எனக்கு அந்த மணல்தான் ஞாபகம் வந்தது.

சரி, இனி எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம். முதலில், எல்லாக் கவனப்பிசகும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள் இருக்கிறது. அந்த ஆயுளை மதிக்கத் தெரிந்தால் அவசரப்பட வேண்டிய இடமும் பொறுக்க வேண்டிய இடமும் தானாகத் தெரியும்.

சில பிழைகளுக்குச் சில செக்கன்தான் ஆயுள். தொடக்கத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது எதிராளியின் ஆள் எவரும் அருகில் இல்லாமல் ஆடு தனியே நின்றால், உங்கள் ஸ்கவுட் கிட்டப் போனவுடன் அது உங்களுடையதாகிவிடும். ஒரு ஆட்டில் 100 உணவு, இரண்டு வில்லேஜரின் விலை. இதற்கு யோசிக்கத் தேவையில்லை, கண்டவுடன் எடுக்க வேண்டும். கூட்டமாக நின்றுகொண்டிருக்கும் வில்லாளிகளும் அப்படித்தான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சில பிழைகளுக்கு நிமிடக் கணக்கில் ஆயுள். மதிலில் விட்ட ஓட்டை இந்த வகை. ஒரு தரம் மதிலைக் கட்டி முடித்துவிட்டால் அதைத் திரும்பப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. "கட்டியாச்சு" என்று மனதில் பதிந்துவிடும். மரம் வெட்டி வெட்டிக் காடு பின்னுக்குப் போகும்போது, காட்டையே மதிலாக நம்பியிருந்த இடத்தில் புதிதாக வழி திறக்கும். அதைக் கவனிப்பவர்கள் இன்னும் குறைவு. இப்படிப்பட்ட ஓட்டையை ஒற்றை ஸ்கவுட்டோடு கண்டால் உள்ளே போகாதீர்கள். ஒருவரைக் கொல்லலாம், அதோடு ஓட்டை அடைபட்டுவிடும். பார்க்காத மாதிரித் திரும்பி வந்து, நான்கைந்து பேர் சேர்ந்த பிறகு போங்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. ஐந்தாவது ஸ்கவுட் வரும்வரை பொறுத்திருந்தீர்கள். அதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

இன்னும் சில பிழைகள் ஆட்டம் முடியும்வரை கிடக்கும். கொல்லன் பட்டறையில் எடுக்க வேண்டிய மேம்பாடுகளை மறந்துவிடுவது. எதிராளியின் ஒரு வீரனை கிளிக் பண்ணினால் அவனுடைய உயிரும் தாக்கும் பலமும் கவசமும் கீழே தெரியும். கூட்டல் குறியோடு எண் இருந்தால் மேம்பாடு எடுத்திருக்கிறார், இல்லாவிட்டால் எடுக்கவில்லை. கனத்த குதிரைவீரனான நைட்டுக்கு இயல்பாக 100 உயிர், தாக்கும் பலம் 10. இருபத்தைந்தாவது நிமிடத்திலும் மச்சானின் நைட் அதே எண்களோடு நின்றால், ஒளிந்து ஒளிந்து அடிக்கத் தேவையே இல்லை. உங்கள் மேம்பாட்டை முடித்துக்கொண்டு நேருக்கு நேர் சண்டைக்குப் போகலாம். ஒவ்வொரு மோதலிலும் அந்தப் பிழை உங்களுக்காக வேலை செய்யும். சிறு மதில் ஓட்டையைத் தேடி அலைபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஒரு கிளிக்தான், தம்பி.

எதிராளி கவனிக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டிருந்தீர்கள். தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஸ்கவுட்டை அவருடைய மரம் வெட்டும் இடத்துக்கு அனுப்பி ஒருவரை அடித்துவிட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் அந்த ஆள் ஓடி ஒளிகிறாரா, ஈட்டிக்காரன் எங்கிருந்தாவது புறப்பட்டு வருகிறானா? வந்தால் அவர் விழிப்பாக இருக்கிறார், ஸ்கவுட்டைத் திருப்பிவிடுங்கள். ஏழெட்டு எண்ணியும் ஒரு அசைவும் இல்லையென்றால் அவருடைய திரை வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் உங்கள் ஆட்களோடு சண்டை நடக்கும் இடத்தில்தான் இருக்கும். அதனால்தான் நான் எப்போதும் முன்னால் ஒரு சின்னச் சச்சரவை வைத்துக்கொள்வேன். வெல்வதற்கான சண்டை இல்லை, அவருடைய கண்ணைப் பிடித்து வைத்திருப்பதற்கானது. நான்கு வில்லாளிகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தால் போதும். வேலை மற்றப் பக்கத்தில் நடக்கும்.

வலது பக்கக் கீழ் மூலையில் இருக்கும் புள்ளி அட்டவணையையும் இடைக்கிடை பாருங்கள். நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒருவருடைய புள்ளி திடீரென்று அசையாமல் நின்றால் அங்கே ஏதோ தடைப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் வீடு போதாமை.

இனி அந்தக் கதவு. இந்த விளையாட்டில் கதவு சொந்த ஆள் கிட்ட வந்தால் தானாகத் திறக்கும். திறந்திருக்கும்போது யாரும் நுழையலாம், எதிரியும்தான். பூட்டு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனால் அவசரத்தில் அதை அழுத்துபவர் குறைவு. மச்சானின் கதவு அப்படித்தான் திறந்தது. நம் ஊர் வளவுக் கடப்பு மாதிரி, வீட்டுக்காரர் வெளியே வரும்போதுதான் மாடு உள்ளே போகும். நான் இந்த இடத்தில் செய்வது இது. ஸ்கவுட்டுகளைக் கதவின் முன்னால் நிறுத்துவதில்லை, பக்கத்து மரங்களுக்குப் பின்னால், அவருடைய ஆட்களின் பார்வைக்கு எட்டாமல் நிறுத்துவேன். வெளியே மானுக்கோ தங்கத்துக்கோ போன ஒருவர் திரும்பி வரும்வரை பொறுப்பேன். அந்தப் பொறுக்கும் நேரத்தில்தான் முக்கியமான வேலை. ஹெச் விசையை அழுத்தினால் திரை சொந்த டவுன் சென்டருக்கு வந்துவிடும். வரிசையில் நான்கு வில்லேஜரைப் போடுவேன், அதாவது 100 செக்கனுக்குக் கவலையில்லை. இரண்டு வீட்டுக்கு இடம் குறிப்பேன். சும்மா நிற்கும் ஆள் இருக்கிறாரா என்று முற்றுப்புள்ளி விசையை ஒரு தரம் தட்டிப் பார்ப்பேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கதவு திறக்கட்டும்.

உள்ளே போனதும் என்ன செய்வது? டவுன் சென்டரிலிருந்து தூரத்தில் வேலை செய்பவர்களிடம் போங்கள். மரம், தங்கம், இந்த இரண்டு இடமும்தான். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முதலாவது ஆள், இரண்டாவது ஆள், பிறகு வெளியே போகும் வழி என்று வரிசையாகக் கட்டளை கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டுத் திரும்ப ஹெச். பத்து செக்கனுக்கு ஒரு தரம் ஸ்கவுட்டுகளைப் பார்த்தால் போதும். கட்டளை கொடுக்காமல் சும்மா விட்டால் அவை யாருடைய வீட்டையாவது கொத்திக்கொண்டு நிற்கும், அது பெரிய வீண்.

ஈட்டிக்காரர் இரண்டு பேரைக் கண்டால் வெளியேறுங்கள். உங்கள் ரீப்ளேயில் என் மனதைச் சங்கடப்படுத்திய இடம் இதுதான். ஏழாவது ஆள் விழும்போது மூன்று ஸ்கவுட் உயிரோடு இருந்தன. வழி திறந்திருந்தது. எட்டாவது ஆள் டவுன் சென்டரை நோக்கி ஓடினார், அவரைத் துரத்தி அதன் அம்பு எல்லைக்குள்ளேயே போனீர்கள். உள்ளே ஆட்கள் புகுந்திருந்தால் டவுன் சென்டர் விடும் அம்புகள் கூடும். மூன்றும் அங்கேயே முடிந்தன. எட்டாவது ஆள் தப்பிவிட்டார்.

கொல்லாமலே சேதம் செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம். பயத்தில் மணியடித்து ஆட்களை உள்ளே எடுத்துவிட்டார் என்று வைப்போம். டவுன் சென்டருக்குள் 15 பேர் போகலாம். ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 20 சேர்க்கிறார் என்றால், 15 பேரும் அரை நிமிடம் உள்ளே இருந்தால் ஏறக்குறைய 150 வருமானம் நின்றது. நீங்கள் ஒரு அடியும் அடிக்கவில்லை, ஒரு ஸ்கவுட்டும் சாகவில்லை. வெளியே வந்து அதே மரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாலே அவர் பாதி ஆட்டம் பின்னால் பார்த்துக்கொண்டே விளையாடுவார்.

மேலே விட்ட வில்லாளிகள் விஷயத்தைச் சொல்கிறேன். இது என்னுடைய ஒரு ஆட்டம், ஃபியூடலுக்கு அடுத்த காசில் காலம். எதிராளிக்கு இருபதுக்கு மேல் குறுக்குவில்லாளிகள், என் மதிலுக்கு வெளியே ஒரே குவியலாக நின்றார்கள். முன்னேறவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. என் தரப்பில் அவர்களைத் தடுக்கப் படை இல்லை. ஏன் நிற்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மற்றக் கரையில் அவர் காசில், அதாவது கோட்டை, கட்டத் தொடங்கியிருந்தார். காசிலுக்கு 650 கல் வேண்டும். அந்தக் கல்லைச் சேர்த்து, இடம் பார்த்து, ஆட்களை அனுப்பும்போது அவர் இங்கே பார்க்கவே முடியாது. என்னிடம் ஒரு மங்கனல், அதாவது கல்லெறியும் பொறி, இருந்தது. அதன் கல் விழுந்தால் 40 சேதம். குறுக்குவில்லாளிக்கு 35 உயிர். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். மதிலுக்கு உள்ளே, மரத்துக்குப் பக்கமாக அதை நகர்த்தி, குவியலின் நடுவில் நிற்பவனைக் குறிவைத்தேன். கல் புறப்பட்டுப் போய் விழுவதற்கு ஒரு நொடிக்கு மேல் எடுக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் அந்த நொடிக்குள் படையை இரண்டாகப் பிரித்துவிடுவார், கல் வெறும் மண்ணில் விழும். பிரியவில்லை. பதினான்கு பேர் ஒரே அடியில் விழுந்தார்கள்.

அடுத்த கணம் நான் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மிச்சம் நின்றவர்களை நான் பார்க்கவில்லை. ஹெச் அழுத்தினேன், மூன்று டவுன் சென்டரிலும் வில்லேஜரைப் போட்டேன், பிறகுதான் திரும்பினேன். காசில் காலத்தில் மூன்று டவுன் சென்டர் இருக்கும்போது 50 செக்கன் மறந்தால் ஆறு வில்லேஜர் போகிறார்கள். முன்பு மட்டக்களப்பு டவுனில் நெட் கபேயில் நண்பர்களோடு விளையாடிய காலத்தில் இப்படியொரு அடி விழுந்தால் எல்லாரும் கதிரையை விட்டு எழும்பிக் கத்துவோம். கத்தி முடித்து உட்காரும்போது ஆட்டம் சமமாகியிருக்கும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு வருடங்கள் எடுத்தன.

திராவிடரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் அவர்கள் இந்த விளையாட்டுக்குள் வந்து, வில்லேஜரைத் தொட்டவுடன் தமிழில் பதில் சொன்னதைக் கேட்டபோது நானும் உங்களைப் போலவே அவர்களை விட்டு வேறெதையும் எடுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நைட் கிடையாது. ஸ்கவுட்டோடு உள்ளே புகுவது ஃபியூடல் காலத்தில் சரி, அதற்குப் பிறகு அதையே நம்பியிருக்க முடியாது. காலாட்படையை எடுக்கும் கட்டடமான பரக்ஸில் எடுக்கும் மேம்பாடுகள் அவர்களுக்குப் பாதி விலை. மச்சான் குதிரைக்குப் பயந்து ஈட்டிக்காரரைச் சேர்த்து வைத்திருக்கும்போது வாள்வீரர்களோடு போனால் அந்த ஈட்டிகள் பெரிதாக உதவாது. அவர் எதற்கு ஆயத்தமாக இருக்கிறார் என்பதும் அவர் எதைப் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு அடையாளம்.

கடைசியாக, இது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். போட்டி ஆட்டத்தில் இது முற்றிலும் நியாயம். கவனத்தைப் பங்கு போடுவதுதான் இந்த விளையாட்டே. சொந்த மச்சானோடு விளையாடும்போது வேறு. உம்மாவோ அம்மாவோ கூப்பிட்டு எழும்பிப் போயிருக்கிறார், பிள்ளை அழுகிறது என்று தெரிந்தால் நான் எஃப்3 அழுத்தி நிறுத்திவிடுவேன். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் பாதியில் விழுந்த ஆட்டம் எதையும் நாங்கள் வெற்றியாக எண்ணவில்லை. கதிரையில் இருந்துகொண்டே கதவைப் பார்க்காமல் விட்டால் அது அவர் பாடு.

வருகிற சனிக்கிழமை மச்சான் அந்த வடக்குக் கதவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பார். அடிபட்ட இடத்தை யாரும் அவ்வளவு கெதியில் மறக்க மாட்டார்கள். அதனால் வடக்கே இரண்டு ஸ்கவுட்டைக் கண்ணில் படும்படி நிறுத்துங்கள். அவர் தெற்கில் மரம் வெட்டுகிற இடத்தில் மதில் கட்டுவதில்லை, காட்டை நம்பிக்கொண்டிருக்கிறார். ரீப்ளேயில் பதினேழாவது நிமிடத்தில் அந்தக் காட்டின் நடுவில் இரண்டு ஆள் போகக்கூடிய வழி திறந்திருந்தது. நீங்கள் இருவருமே அதைக் காணவில்லை.